ஒளி வளைவு கோணும்போது: கிரகண இரட்டை விண்மீன்களை அளப்பவர்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

ஒன்றையொன்று சுற்றிவரும் இரண்டு விண்மீன்களின் சுற்றுத்தளம் நம் பார்வைக்கோட்டில் அமைந்துவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று மற்றொன்றை மறைக்கிறது. தொலைநோக்கியிலும் ஒரே புள்ளியாகத் தெரியும் அந்த இணை குறித்த காலத்தில் மங்கிப் பின்னர் பழைய பொலிவுக்குத் திரும்புகிறது. இதைப் பதிவு செய்யப் பெரிய வானாய்வகம் தேவையில்லை. கடலூரிலோ புதுச்சேரியிலோ ஒரு மொட்டை மாடியும், சிறு தொலைநோக்கி அல்லது நல்ல லென்ஸ் பொருத்திய டிஎஸ்எல்ஆர் கேமராவும், வானத்தோடு திரும்பும் ஒரு மவுண்டும் இருந்தால் போதும். ஆனால் நேரத்துக்கு எதிராகப் பொலிவை வரையும் ஒளி வளைவில் வந்து விழும் ஏற்றத்தாழ்வுகள் அனைத்தும் விண்மீனுடையவை அல்ல. அவற்றில் எது விண்மீனுடையது, எது கடற்கரைக் காற்றுடையது, எது கருவியுடையது என்று பிரித்தறிவதற்கான வழிமுறையை, கண்ணில் படும் அறிகுறியிலிருந்து தொடங்கிக் காரணத்தை நோக்கிச் செல்லும் முறையில் இங்கே எழுதுகிறேன்.

எல்லா அறிகுறிகளுக்கும் பொதுவான கேள்வி ஒன்று உண்டு. நீங்கள் காணும் மாற்றம் எந்தக் கடிகாரத்தின்படி நடக்கிறது? இணையின் சுற்றுக்காலத்தின்படி நடந்தால் அது விண்மீனுடையது. விண்மீன் அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதற்கேற்ப நடந்தால் அது வளிமண்டலத்துடையது. தெருவிளக்கு, பனி, கடற்காற்று ஆகியவற்றின் நேரத்துக்கு நடந்தால் அது ஊருடையது. மவுண்டின் பற்சக்கரம் சுற்றும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வந்தால் அது கருவியுடையது. இந்தக் கேள்வியைக் கேட்காமல் எந்தத் திருத்தத்தையும் செய்யக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. காரணம் தெரியாமல் செய்யும் திருத்தம் உண்மையான மாற்றத்தையும் சேர்த்து அழித்துவிடும்.

நீங்கள் ஒப்பீட்டு முறையில் அளக்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். அதாவது, ஒரே படத்தில் உள்ள மாறாத விண்மீன் ஒன்றை ஒப்பீட்டு விண்மீனாகவும், மற்றொன்றைச் சரிபார்ப்பு விண்மீனாகவும் கொண்டு, ஒளித்தர வேறுபாட்டை மட்டுமே வரைகிறீர்கள். ஒளித்தரம் என்பது பொலிவின் அளவு; எண் கூடக்கூடப் பொலிவு குறையும். ஒப்பீட்டுக்கும் சரிபார்ப்புக்கும் இடையிலான வேறுபாட்டையும் அதே தாளில் வரையாவிட்டால், கீழே சொல்லும் பரிசோதனைகளில் பாதியைச் செய்ய முடியாது.

அறிகுறி: குறித்த இரவில் மங்கலே வரவில்லை

சரியான விண்மீனைத்தான் படம் பிடித்தீர்களா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். அடுத்ததாகத் தேதியைப் பாருங்கள். சிறுமம், அதாவது பொலிவு மிகக் குறையும் தருணம், பட்டியல்களில் உலக நேரப்படியே தரப்படுகிறது. 10-ஆம் தேதி 20 மணி என்று அங்கே இருந்தால், நமக்கு அது 11-ஆம் தேதி அதிகாலை 1:30 மணி. 10-ஆம் தேதி அதிகாலையில் விழித்திருந்தவர் ஒரு நாள் முன்னதாகவே காத்திருந்து ஏமாந்திருப்பார்.

தேதி சரியாக இருந்தும் மங்கல் இல்லையென்றால், நீங்கள் காத்திருந்தது துணைச் சிறுமமாக இருக்கலாம். வெப்பமும் பொலிவும் மிக்க விண்மீன் மறைக்கப்படுவது முதன்மைச் சிறுமம். மங்கலான துணை மறைக்கப்படுவது துணைச் சிறுமம். பெர்சியஸ் விண்மீன் குழுவில் உள்ள அல்கோல் முதன்மைச் சிறுமத்தில் 2.1-இலிருந்து 3.4-க்கு இறங்குகிறது, அதை வெறுங்கண்ணாலேயே காணலாம். அதன் துணைச் சிறுமமோ ஏறத்தாழ 0.06 ஒளித்தரம்தான். கண்ணுக்கு அது தெரியாது. கவனமற்ற கேமரா அளவீட்டிலும் சிதறலுக்குள் மூழ்கிப்போகும்.

சிறுமம் பகலில் நிகழ்ந்துவிடுவதும் உண்டு. அல்கோலின் சுற்றுக்காலம் 2 நாள் 20 மணி 49 நிமிடம். ஆகவே அடுத்த சிறுமம் மூன்று நாள் கழித்து, கடிகாரத்தில் 3 மணி 11 நிமிடம் முன்னதாக வரும். அதிகாலையில் தொடங்கும் ஒரு வரிசை, சில முறைகளில் மாலை வெளிச்சத்துக்குள் சென்று மறையும். துலாம் குழுவின் டெல்டா என்ற விண்மீன் இவ்வகையில் நமக்கு மிகவும் இணக்கமானது. அதன் சுற்றுக்காலம் 2.327 நாள், மூன்று சுற்றுகள் சேர்ந்தால் ஏழு நாளுக்குச் சுமார் 26 நிமிடம்தான் குறைவு. ஒரு சனிக்கிழமை இரவில் அதன் சிறுமம் கிடைத்துவிட்டால், அடுத்து வரும் பல சனிக்கிழமைகளிலும் அரை மணி நேரத்துக்கும் குறைவாக முன்னகர்ந்து அது கிடைத்துக்கொண்டே இருக்கும். வாரநாளில் வேலைக்குச் செல்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான விண்மீன் கிடைப்பது அரிது. கோடையின் தெளிந்த இரவுகளில் அது நம் வானில் 70 பாகை உயரம் வரை எழுகிறது, 4.9-இலிருந்து 5.9 வரை இறங்குவதால் சாதாரண லென்ஸுக்கும் எட்டும். ரிஷபத்தின் லாம்டாவும் அப்படித்தான்: 3.953 நாள் சுற்றுக்காலம் கொண்டது, ஆகவே நான்கு நாளுக்கு ஒருமுறை 1 மணி 8 நிமிடம் முன்னதாக வரும்.

மிக அரிதாக, மறைப்பே நின்றுபோன இணைகளும் உண்டு. லாசெர்ட்டா குழுவின் எஸ்எஸ் என்ற இணையில் மூன்றாவது விண்மீன் ஒன்றின் ஈர்ப்பால் சுற்றுத்தளம் சாய்ந்துபோய், 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மறைப்பு நின்றுவிட்டது. ஆனால் மற்றவற்றையெல்லாம் சரிபார்க்காமல் இந்த முடிவுக்கு யாரும் வர வேண்டாம்.

அறிகுறி: மங்கல் வந்தது, நேரம் தவறி வந்தது

கண்ட நேரத்திலிருந்து கணித்த நேரத்தைக் கழித்தால் கிடைக்கும் வேறுபாடுதான் இந்தத் துறையின் உயிர்நாடி. அதன் அளவே பெரும்பாலும் காரணத்தைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், வேறுபாட்டை நாளின் பின்னமாக எழுதிக்கொண்டு பின்வருமாறு பாருங்கள்.

0.229 நாள் வந்தால் அது 5 மணி 30 நிமிடம். கேமராக் கடிகாரத்தின் இந்திய நேரத்தை உலக நேரம் என்று மென்பொருள் எடுத்துக்கொண்டிருக்கிறது. சரியாக 0.5 நாள் வந்தால், மாதமும் ஆண்டும் இல்லாமல் நாட்களைத் தொடர்ந்து எண்ணிச் செல்லும் ஜூலியன் நாளும், அதன் சுருங்கிய வடிவமான திருத்திய ஜூலியன் நாளும் கலந்துவிட்டன. ஜூலியன் நாள் உலக நேர நண்பகலில், அதாவது நமக்கு மாலை 5:30 மணிக்குத் தொடங்குகிறது. நம் இரவு முழுவதும் ஒரே முழு எண்ணுக்குள் அடங்கிவிடுவது இந்தியாவில் இருந்து அளப்பவர்களுக்கு வாய்த்த வசதி. திருத்திய ஜூலியன் நாளோ உலக நேர நள்ளிரவில், நமக்கு அதிகாலை 5:30 மணிக்குத் தொடங்குவது. பழைய எண்ணிலிருந்து 2400000-ஐ மட்டும் கழித்துவிட்டு, கூடவே கழிக்க வேண்டிய 0.5-ஐ மறந்தால் இந்த அரை நாள் பிழை வரும்.

வேறுபாடு 0.006 நாளுக்குள் இருந்து, மாதத்துக்கு மாதம் மெல்ல மாறினால், சூரிய மையத் திருத்தம் விடுபட்டிருக்கிறது. ஒளி பூமியின் சுற்றுப்பாதை ஆரத்தைக் கடக்க 8.3 நிமிடம் ஆகிறது. பட்டியல்கள் சூரியனில் நின்று பார்ப்பதுபோல் நேரத்தைத் தருகின்றன; நாமோ பூமியில் நிற்கிறோம். துலாம் டெல்டா, வானில் சூரியன் செல்லும் பாதையான கிராந்தி வட்டத்துக்கு அருகில் இருப்பதால் அதில் இத்திருத்தம் ஏறத்தாழ முழுமையாகவே தெரியும். விண்மீன் சூரியனுக்கு நேர் எதிரே நிற்கும் மே மாதத்தில், நாம் அதற்கு நெருங்கி நிற்பதால், சிறுமம் சுமார் 8 நிமிடம் முன்னதாக வந்து சேரும். பிப்ரவரியில் இந்த வேறுபாடு இராது. இதை அறியாதவர், விண்மீனின் சுற்றுக்காலமே குறைந்து வருகிறது என்று எழுதிவிடக் கூடும்.

ஏறத்தாழ 69 வினாடி நிலையாக வேறுபட்டால், விண்கலத் தரவோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள் என்று பொருள். 2018-இல் ஏவப்பட்ட டெஸ் விண்கலத்தின் தரவு லீப் வினாடிகள் (உலக நேரத்தைப் பூமியின் சுழற்சியோடு ஒத்துவைக்கச் சேர்க்கும் வினாடிகள்) சேர்க்கப்படாத இயக்கவியல் நேரத்தில் தரப்படுகிறது; நாம் பயன்படுத்தும் உலக நேரம் அதற்குச் சுமார் 69 வினாடி பின்தங்கியிருக்கிறது. சில வினாடிகளோ சில பத்து வினாடிகளோ வேறுபட்டால் கேமராவின் கடிகாரத்தைச் சந்தேகியுங்கள். அது நாளடைவில் விலகக்கூடியது. இணைய நேரத்தோடு ஒவ்வொரு இரவும் சரிசெய்ய வேண்டும். படத்தோடு பதியும் நேரம் எக்ஸ்போஷரின் தொடக்கமா முடிவா என்பதையும் உறுதி செய்து, நடு நேரத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். ஜிபிஎஸ் நேரம் காட்டும் கைப்பேசித் திரையையே ஒருமுறை படம் பிடித்துப் பார்த்தால் இது தெளிவாகிவிடும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் வேறுபாடு எஞ்சினால், அப்போதுதான் விண்மீனின் பக்கம் திரும்ப வேண்டும். எல்லா உழைப்பும் இந்த இடத்துக்கு வந்து சேர்வதற்குத்தான். யாழ் எனப்படும் லைரா குழுவின் பீட்டாவில் ஒரு விண்மீனின் பொருள் மற்றொன்றின் மீது வழிந்துகொண்டிருப்பதால், அதன் 12.94 நாள் சுற்றுக்காலம் ஆண்டுக்குச் சுமார் 19 வினாடி நீள்கிறது. இது சிறிதாகத் தோன்றும். ஆனால் பிழை சுற்றுக்குச் சுற்று குவிகிறது. பத்தாண்டுக்கு முந்தைய மாறாச் சுற்றுக்காலத்தை வைத்துக் கணித்தால், இடைப்பட்ட ஏறத்தாழ 282 சுற்றுகளில் சராசரியாகச் சுற்றுக்கு 95 வினாடி சேர்ந்து, சிறுமம் ஏழரை மணி நேரம் தாமதமாக வரும். அதாவது ஓர் இரவே தவறிப்போகும். ஆகவே எந்த விண்மீனாயினும், அண்மையில் புதுப்பிக்கப்பட்ட தொடக்க நேரத்தையும் (கணிப்பு எந்தச் சிறுமத்திலிருந்து எண்ணப்படுகிறதோ அந்த நேரம்) சுற்றுக்காலத்தையுமே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டுக்கணக்கில் சேர்ந்த வேறுபாடுகளை வரைந்தால் வடிவமே காரணத்தைச் சொல்லும். பரவளையமாக வளைந்தால் பொருள் பெயர்ச்சி நடக்கலாம். அலைபோல் ஏறி இறங்கினால் மூன்றாம் விண்மீன் ஒன்று இணையை இழுத்துச் செல்லலாம். அல்கோலுக்கே அப்படி ஒரு மூன்றாம் விண்மீன் 680 நாளில் சுற்றிவருகிறது. முதன்மைச் சிறுமமும் துணைச் சிறுமமும் எதிரெதிர்த் திசையில் விலகினால் நீள்வட்டப் பாதையே மெல்லத் திரும்புகிறது என்று பொருள். சிக்னஸ் குழுவின் ஒய் விண்மீனில் இத்திருப்பம் சுமார் 48 ஆண்டில் நிறைவடைகிறது.

இங்கே புதுச்சேரிக்கே உரிய ஒரு செய்தியைச் சொல்லத் தோன்றுகிறது. பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவர் சோழிகளைத் தரையில் வைத்து, மனப்பாடமாக அறிந்த வாய்பாடுகளைக் கொண்டு, 1825-ஆம் ஆண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதைப் புதுச்சேரியில் வாழ்ந்த ஜான் வாரன் பதிவு செய்திருக்கிறார். தொடக்க நேரத்தில் விலகல் 4 நிமிடம் மட்டுமே. முடிவு நேரத்தில் அது ஒரு மணியை நெருங்கியது. தொடக்கத்தை மட்டும் குறித்திருந்தால் கணிப்பு ஏறக்குறைய பிழையற்றது என்றே பட்டிருக்கும்; இரண்டையும் குறித்ததால்தான் கிரகணம் நீடிக்கும் கால அளவில் பிழை இருப்பது தெரிந்தது. விண்மீனிலும் இதே ஒழுங்கைக் கடைப்பிடியுங்கள். இறங்கு பக்கத்தை மட்டும் அளந்துவிட்டுத் தூங்கச் சென்றால் சிறும நேரம் கிடைக்காது. க்வீ, வான் வோர்டன் இருவரும் 1956-இல் வகுத்த, இன்றும் பெரிதும் பயன்படும் முறை, இறங்கு பக்கத்தை ஏறு பக்கத்தின் மீது மடித்துப் பொருத்திச் சிறும நேரத்தைக் காண்கிறது. இரு பக்கமும் ஏறத்தாழ சம அளவில் இல்லாவிட்டால் அது தரும் நேரம் ஒரு பக்கமாக இழுக்கப்படும்.

அறிகுறி: வளைவு முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்கிறது

கடற்கரையில் இருந்து அளப்பவர்களை அதிகம் ஏமாற்றுவது இதுதான். காற்றின் ஊடே ஒளி வரும் தொலைவைக் காற்று நிறை என்கிறோம். உச்சியில் அது 1. 30 பாகை உயரத்தில் 2. 20 பாகையில் ஏறத்தாழ 2.9. ஓர் அலகு காற்று நிறைக்குப் பச்சை ஒளியில் 0.3 ஒளித்தரம் இழப்பு என்று கொண்டால், 60 பாகையிலிருந்து 20 பாகைக்கு இறங்கும் விண்மீன் அரை ஒளித்தரத்துக்கும் மேல் மங்குகிறது. ஒப்பீட்டு விண்மீன் மிக அருகில், அதே நிறத்தில் இருந்தால் இந்த இழப்பு இரண்டுக்கும் பொதுவாகிக் கழிந்துவிடும். தொலைவில் இருந்தால் கழியாது.

அல்கோலை எடுத்துக்கொள்வோம். அது நள்ளிரவில் உச்சம் தொடும் நவம்பர் மாதம் நமக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம். மழை ஓய்ந்து வானம் திறக்கும் தை மாதத் தொடக்கத்தில் அது மாலை ஏழரை மணிக்கே உச்சியைக் கடந்துவிடுகிறது. ஆகவே கடலூர்க்காரர்கள் அல்கோலைப் பெரும்பாலும் மேற்கே இறங்கும் நிலையில்தான் அளக்கிறார்கள். பொலிவு ஒத்திருக்கிறது என்பதற்காகப் பலரும் தேர்ந்தெடுக்கும் ஆண்ட்ரோமெடா காமா, அல்கோலுக்கு மேற்கே 12 பாகை தள்ளி இருக்கிறது. எனவே எப்போதும் முன்னால் இறங்குகிறது. அல்கோல் 35 பாகையிலும் காமா 25 பாகையிலும் நிற்கும்போது இரண்டின் காற்று நிறைகள் 1.74, 2.37, இந்த வேறுபாடு மட்டுமே 0.19 ஒளித்தரமாகிறது. காமா கூடுதலாக மங்குவதால் அல்கோல் இரவு முழுவதும் மெல்லப் பொலிவுறுவதுபோல் வரைபடம் மேல்நோக்கிச் சாயும். சிறுமத்திலிருந்து மீள்கிறது என்று அதை நம்பிவிடுவது மிக எளிது. காமாவின் செம்மஞ்சள் நிறம் அல்கோலின் நீல வெண்மையோடு ஒத்துப்போகாததும் இதனோடு சேர்ந்துகொள்கிறது. நீல ஒளியைக் காற்று அதிகம் சிதறடிப்பதால், நிறம் வேறுபட்ட இரு விண்மீன்கள் ஒரே உயரத்தில் நின்றாலும் ஒரே அளவில் மங்குவதில்லை.

அல்கோலுக்கு மிக அருகிலேயே உள்ள பெர்சியஸ் ரோவை ஒப்பீட்டுக்கு எடுப்பது இதைவிடப் பெரிய தவறு. அது 3.3-க்கும் 4.0-க்கும் இடையே தானே மாறும் சிவப்புப் பெருவிண்மீன். 2.9 ஒளித்தரமுள்ள எப்சிலான், 3.0 உள்ள டெல்டா ஆகிய இரண்டும் அதே குழுவில், நிறத்திலும் அல்கோலோடு நெருங்கி நிற்கின்றன, அவற்றையே எடுங்கள்.

சாய்வின் காரணத்தை உறுதி செய்ய, ஒளித்தர வேறுபாட்டை நேரத்துக்கு எதிராக அல்லாமல் காற்று நிறைக்கு எதிராக வரையுங்கள். புள்ளிகள் நேர்கோட்டில் விழுந்தால் காற்றே காரணம். அந்தக் கோட்டின் சரிவைக் கொண்டு திருத்தலாம். ஆனால் ஒரே சரிவு நம் கடற்கரையில் இரவு முழுவதற்கும் பொருந்தும் என்று எண்ண வேண்டாம். முன்னிரவில் கடற்காற்று ஈரத்தையும் உப்பையும் கொண்டு வருகிறது; பின்னிரவில் தரைக்காற்று திரும்பி வீசும்போது கிழக்கு வானமும் மேற்கு வானமும் வெவ்வேறு அளவில் மங்கலாக இருக்கும். கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டருக்கு மேல், ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்துக்குக் கிடைக்கும் சீரான காற்று நமக்குக் கிடைப்பதில்லை. ஆகையால் முன்னிரவுக்கும் பின்னிரவுக்கும் தனித்தனியே சரிவு கண்டு, 30 பாகைக்குக் கீழே எடுத்த புள்ளிகளை இயன்றவரை ஒதுக்கிவிடுவதே நல்லது.

பின்னணி ஒளியும் சாய்வை உண்டாக்கும். தேவனாம்பட்டினத்தில் நின்றால் கிழக்கே இருண்ட கடல். மேற்கே நகரம், அதற்கப்பால் நெய்வேலித் திசை. வடக்கே புதுச்சேரியின் வெளிச்சம். விண்மீன் கடலிலிருந்து எழுந்து ஊர் வெளிச்சத்துக்குள் இறங்குகிறது. மென்பொருளில் விண்மீனின் ஒளியைக் கூட்டும் அளவீட்டு வட்டத்தையும், அதைச் சுற்றி வான வெளிச்சத்தை அளக்கும் பின்னணி வளையத்தையும் நினைவில் கொள்ளுங்கள். அந்த வளையத்தைச் சிறிதாக, விண்மீனுக்கு நெருக்கமாக வைத்தால், இந்த வெளிச்சச் சரிவு பெரும்பாலும் நீங்கும்.

பனியையும் இங்கேயே சொல்லிவிடலாம். தை, மாசி இரவுகளில் லென்ஸின் மேல் பனி படியத் தொடங்கினால் எல்லா விண்மீன்களும் சேர்ந்து மங்குவதால் ஒப்பீட்டு வரைபடத்தில் அது முதலில் தெரியாது. பின்னர் திடீரென்று சிதறல் பெருகும். ஒப்பீட்டு விண்மீனின் மூல எண்ணிக்கையை, அதாவது வேறெதனோடும் ஒப்பிடாத ஒளி அளவை, தனியாக வரைந்து வைத்திருந்தால் அது சரியத் தொடங்கும் நிமிடத்திலேயே கண்டுபிடிக்கலாம். லென்ஸைச் சுற்றி வெப்பப் பட்டை கட்டுவதே இதற்குத் தீர்வு. துணியால் துடைக்கக் கூடாது; பனியோடு கலந்த கடலுப்பு கண்ணாடிப் பூச்சைக் கீறிவிடும்.

அறிகுறி: புள்ளிகள் சிதறுகின்றன

சரிபார்ப்பு விண்மீனும் அதே அளவில் சிதறுகிறதா என்று பாருங்கள். சிதறினால் காரணம் பொதுவானது: மெல்லிய மேகம், காற்றில் ஆடும் முக்காலி, அல்லது போதாத எக்ஸ்போஷர். விண்மீனின் மினுக்கமும் ஒரு முக்கியக் காரணம். 4 செ.மீ. வாய்விட்டமுள்ள லென்ஸில், உச்சி வானில், 10 வினாடி எக்ஸ்போஷருக்கு மினுக்கம் மட்டுமே ஏறத்தாழ 0.01 ஒளித்தரச் சிதறலைத் தரும். ஒரு வினாடிக்குக் குறைத்தால் அது மூன்று மடங்காகும். விலை உயர்ந்த கேமரா வாங்கினாலும் இது குறையாது. பல படங்களைச் சேர்த்துச் சராசரி எடுப்பதே வழி.

உங்கள் விண்மீன் மட்டும் சிதறிச் சரிபார்ப்பு விண்மீன் அமைதியாக இருந்தால், பெரும்பாலும் அதன் பிம்பம் சென்சாரின் சில பிக்சல்களிலேயே அடங்கி, அவற்றின் நிற வடிப்பான்களுக்கு இடையே தாவுகிறது. லென்ஸின் குவியத்தைச் சிறிது விலக்கி, விண்மீனைப் பத்துப் பன்னிரண்டு பிக்சல் அகலத்துக்குப் பரப்புங்கள். சிதறல் சில நிமிடத்துக்கு ஒருமுறை அலையாகத் திரும்பினால் மவுண்டின் புழுப்பற்சக்கரத்தின் சுற்றுக்காலத்தோடு அதை ஒப்பிடுங்கள். பல மவுண்டுகளில் அது 8 அல்லது 10 நிமிடம்.

அறிகுறி: வளைவில் திடீர்ப் படி

விண்மீன் படிக்கட்டாக இறங்குவதில்லை. மவுண்ட் உச்சிக்கோட்டைக் கடந்து புரண்ட நேரத்தோடு படி பொருந்தினால், விண்மீன் சென்சாரின் வேறொரு மூலைக்குச் சென்றிருக்கிறது; ஃபிளாட் படங்களை (சென்சாரின் இடத்துக்கு இடம் மாறும் உணர்திறனைச் சரிசெய்ய, சீரான வெளிச்சத்தில் எடுக்கும் படங்கள்) மீண்டும் எடுங்கள். பொருந்தாவிட்டால் கேமராவின் தானியங்கி அமைப்புகளைப் பாருங்கள். ஐஎஸ்ஓ, வெண்மைச் சமன், எக்ஸ்போஷர் மூன்றும் கையால் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். படம், சென்சார் தந்த எண்களை மாற்றாமல் வைத்திருக்கும் ரா வடிவத்தில் இருக்க வேண்டும். ஜேபெக் படங்களில் பொலிவின் அளவுகோலே வளைக்கப்பட்டுவிடுவதால் அவை அளவீட்டுக்கு உதவா.

அறிகுறி: சிறுமத்தின் ஆழம் போதவில்லை

மூன்று காரணங்களை வரிசையாக நீக்க வேண்டும். முதலாவது, சென்சார் நிறைந்துபோவது. 14 பிட் கேமராவில் பிக்சல் எண்ணிக்கை 16383-ஐத் தொட்டால் அதற்கு மேல் ஏறாது. விண்மீன் முழுப் பொலிவில் இருக்கும்போது உச்சி வெட்டப்பட்டு, சிறுமத்தில் மட்டும் சரியாக அளக்கப்படுவதால் ஆழம் குறைந்து தோன்றும்.

இரண்டாவது, அளவீட்டு வட்டத்துக்குள் அயல் விண்மீன் ஒன்று புகுந்துவிடுவது. 1.3 ஒளித்தரம் இறங்கும் விண்மீனிடம் சிறுமத்தில் எஞ்சுவது முழுப் பொலிவில் 30 விழுக்காடு. முழுப் பொலிவுக்குச் சமமான அயல் விண்மீனும் வட்டத்துக்குள் இருந்தால், மொத்தம் 2 பங்கிலிருந்து 1.3 பங்குக்குத்தான் குறையும். வரைபடத்தில் அது 0.47 ஒளித்தரம் மட்டுமே. வட்டத்தின் ஆரத்தை மாற்றி மாற்றி அளந்து பாருங்கள். ஆரம் பெரிதாகும்போது ஆழம் குறைந்துகொண்டே போனால் அயல் ஒளி உள்ளே வருகிறது. அயல் விண்மீன் மாறாதது என்றால், இரண்டையும் சேர்த்தே அளந்துவிட்டுப் பின்னர் அதன் ஒளியைக் கணக்கில் கழித்துவிடலாம். குறுகிய வட்டத்தால் பிரிக்க முயல்வதைவிட அது நம்பகமானது.

மூன்றாவது, நிறம். முதன்மைச் சிறுமத்தில் மறைவது வெப்பம் மிக்க விண்மீன் என்பதால், நீல ஒளியில் ஆழம் மிகும், சிவப்பில் குறையும். டிஎஸ்எல்ஆரின் பச்சைத் தளத்தை நீல வடிப்பானில் எடுத்த பட்டியல் மதிப்போடு ஒப்பிட்டால் குறைவாகத் தெரிவது இயல்பு. அது பிழையன்று.

அறிகுறி: மறைப்புக்கு வெளியேயும் பொலிவு அலைகிறது

இங்கே அவசரப்பட்டுத் திருத்தக் கூடாது. நெருங்கிச் சுற்றும் விண்மீன்கள் ஒன்றின் ஈர்ப்பால் மற்றொன்று முட்டை வடிவில் நீண்டிருக்கும். பக்கவாட்டில் பார்க்கும்போது பரப்பு மிகுந்து தெரிவதால், ஒரு சுற்றில் இருமுறை பொலிவு மெல்ல ஏறும். வெப்பம் மிக்க விண்மீன் தன் துணையின் ஒரு முகத்தைச் சூடாக்குவதால், துணைச் சிறுமத்தின் இரு பக்கமும் பொலிவு சற்று உயரும். இரண்டு உச்சங்களும் சமமாக இல்லாமல் ஒன்று தாழ்ந்திருந்தால், அதற்கு 1951-இல் இதை ஆராய்ந்த ஓ'கானெலின் பெயரே நிலைத்துவிட்டது. பல இணைகளில் விண்மீனின் முகத்தில் உள்ள கரும்புள்ளிகளால் அது விளக்கப்படுகிறது. புள்ளிகள் இடம் மாறுவதால் அந்த ஏற்றத்தாழ்வு மாதக்கணக்கில் உருமாறவும் செய்யும்.

சோதனை ஒன்றுதான். வெவ்வேறு இரவுகளின் அளவீடுகளைச் சுற்றுக் கட்டத்தின்படி, அதாவது சுற்றில் எவ்வளவு பங்கு கடந்திருக்கிறது என்பதன்படி, மடித்து ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். அலை அதே கட்டத்தில் வந்தால் விண்மீனுடையது. ஒவ்வோர் இரவும் வெவ்வேறு கட்டத்தில், ஆனால் ஒரே உயரத்தில் வந்தால் காற்றுடையது.

இந்தச் சோதனை தோற்கும் இடமும் உண்டு. ஒட்டிச் சுற்றும் இணைகளுக்கெல்லாம் முன்மாதிரியான அர்சா மேஜர் டபிள்யூ விண்மீனின் சுற்றுக்காலம் 0.33363 நாள், மூன்று சுற்றுகள் சேர்ந்தால் ஒரு நாளைவிட ஏறத்தாழ 1.3 நிமிடம் மட்டுமே கூடுதல். நேற்று இரவு பத்து மணிக்கு எந்தக் கட்டத்தில் நின்றதோ, ஏறக்குறைய அதே கட்டத்தில் இன்றும் பத்து மணிக்கு நிற்கும். விண்மீனின் கடிகாரமும் ஊரின் கடிகாரமும் ஒன்றாகவே ஓடுவதுபோல் தோன்றும். பத்து மணிக்கு எரியத் தொடங்கும் பக்கத்து மாடி விளக்கின் தாக்கம், நாள் தவறாமல் அதே கட்டத்தில் விழுந்து, விண்மீனின் கரும்புள்ளியைப் போலவே வேடமிடும். அதன் இரு சிறுமங்களும் ஏறத்தாழ ஒரே ஆழமுள்ளவை என்பதால், அரைச் சுற்றுக்காலத்தை முழுச் சுற்றுக்காலம் என்று மென்பொருள் தந்துவிடும் ஆபத்தும் இங்கே உண்டு. அப்படித் தந்தால் அதை இரட்டித்து மடித்து, இரு சிறுமங்களின் ஆழமும் சிறிதளவாவது வேறுபடுகின்றனவா என்று பாருங்கள்.

வெளியேறும் வழி, விண்மீன் நாள்தோறும் நான்கு நிமிடம் முன்னதாக உதிப்பதில் இருக்கிறது. உயரத்தைக் கொண்டு பார்த்தால், சிறுமம் இரவுக்கு இரவு 5 நிமிடத்துக்குச் சற்று மேல் நகர்கிறது. இன்று 45 பாகையில் உச்சி தொடும்போது வந்த சிறுமம், 23 இரவுகள் கழித்து, உச்சி கடந்து இரண்டு மணி நேரத்துக்குப் பின் வரும். அந்த இடைவெளியில் இரண்டு முறை அளந்தால் காற்றின் பங்கும் விண்மீனின் பங்கும் பிரிந்துவிடும். விளக்கின் பங்கைப் பிரிக்க அது போதாது. அதற்கு மாடியின் வேறொரு மூலைக்கோ, பாகூர் ஏரிக்கரை போன்ற வேறோர் இடத்துக்கோ கருவியைக் கொண்டு சென்று ஓர் இரவு அளக்க வேண்டும். பிப்ரவரி நடுவில் இவ்விண்மீன் நள்ளிரவில் உச்சி தொடுகிறது. இரவு எட்டு மணிக்குத் தொடங்கி அதிகாலை நான்கு மணி வரை அளந்தால், 26 பாகைக்குக் கீழே இறங்காமலேயே ஒரு முழுச் சுற்றையும், இரு சிறுமங்களையும், இரு உச்சங்களையும் ஒரே இரவில் பெற்றுவிடலாம்.